கொடுத்தால் திரும்பி வருமா?

(நம் கிளப் ஹவுஸில் சின்னக் குழந்தைகளுக்கான புத்தக அலமாரி திறந்த மாலையில் பேசியது. பேசும்போது விட்டுப்போன ஓரிரண்டு விஷயங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)



செக்ரட்டரி சார், "பத்து நிமிஷம் பேசுங்க சார், போதும்" என்றார். 36 வருஷம் வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். எதிரே நிற்பவர் பேசுவார், நான் எழுதுவேன். அதுதான் பழக்கம். மைக்கைப் பிடித்து நின்றது ரிடையர் ஆன அன்றைக்கு ஒரு தடவை. அன்றைக்கும் நன்றி சொல்வதற்குள் தொண்டை அடைத்துவிட்டது. அதனால் கொஞ்சம் குழறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பி.காம். படித்தவன். குழந்தை மனசைப் பற்றிப் பாடம் படித்தவன் இல்லை. பள்ளிக்கூட வாத்தியாரும் இல்லை. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட, பகல் முழுக்கப் பேரனோடு வீட்டில் இருக்கும் தாத்தா. அவ்வளவுதான் என் தகுதி. ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை உள்ள வாண்டுகளுக்கு, பகிர்ந்துகொள்வது பற்றியும் சிநேகிதம் பற்றியும் சொல்கிற படப் புத்தகங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெருமை தரும் கதை இல்லை.

போன வருஷம் கோடை விடுமுறை. பேரனுக்கு அப்போது இரண்டேகால் வயது. நம் ப்ளே ஏரியாவில் சறுக்கு மரத்துக்குப் பக்கத்து மணலில் மஞ்சள் லாரி ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். இன்னொரு குழந்தை வந்து அந்த லாரியைக் கேட்டு அழுதது. அந்தக் குழந்தையின் தாத்தாவும் நானும் தினமும் காலையில் சேர்ந்து நடப்பவர்கள். பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "நல்ல பிள்ளை இல்ல, ஷேர் பண்ணு கண்ணா" என்றேன். "என்னுது" என்றான். மறுபடி சொன்னேன். லாரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "என்னுது" என்றான். மூன்றாவது தடவையும் சொன்னேன். நாலாவது தடவை வாயால் சொல்லவில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, லாரியை எடுத்து அந்தக் குழந்தை கையில் கொடுத்துவிட்டேன். "இப்பவே இப்படிப் பழக்கினாத்தான் உண்டு" என்று பெஞ்சிலிருந்து ஒரு பாட்டி சொன்னார். எனக்கும் உள்ளூர ஒரு திருப்திதான். பேரன் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று சாயங்காலம் வீட்டில் காலிங் பெல் அடித்தது. துணி தேய்ப்பவர். பேரன் எழுந்து ஓடி, தரையில் கிடந்த பொம்மை, பந்து, உடைந்த ரயில் எல்லாவற்றையும் வாரி சோபாவுக்கு அடியில் தள்ளினான். தள்ளிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டான். மறுநாள் கூரியர் வந்தபோதும் அதே. அடுத்த நாள் பக்கத்து வீட்டம்மா கறிவேப்பிலை கொடுக்க வந்தபோதும் அதே. முதலில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மூன்றாம் நாள் என் மகள் சிரிக்கவில்லை. "அப்பா, கீழ என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த வார முடிவில் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "எனக்குத்தான் படிச்சுக் காட்டலை, இவனுக்காவது படிங்க" என்றாள். அவள் சொன்னது உண்மை. அரையாண்டுக் கணக்கு முடிப்பு, ஆண்டுக் கணக்கு முடிப்பு என்று எட்டு மணிக்கு மேல் வீடு வந்தவன் நான். அப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வங்கி மூடித்தான் இருந்தது.

அவள் கொடுத்தது 'தி டோர்பெல் ராங்' என்ற புத்தகம். பாட் ஹட்சின்ஸ் என்ற ஆங்கிலேய அம்மையார் எழுதிப் படமும் வரைந்தது, 1986இல் வந்தது. கதை இவ்வளவுதான். ஒரு அம்மா பிஸ்கட் செய்து தட்டில் வைக்கிறாள். வீட்டில் இரண்டு குழந்தைகள். ஆளுக்கு ஆறு வரும். அப்போது மணி அடிக்கிறது. இரண்டு குழந்தைகள் வருகிறார்கள். ஆளுக்கு மூன்று. மறுபடி மணி. இன்னும் இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு. மறுபடி மணி. ஆறு பேர் திமுதிமுவென்று வருகிறார்கள். ஆளுக்கு ஒன்று. தட்டில் கை வைக்கிற நேரம் பார்த்து மறுபடியும் மணி அடிக்கிறது. இப்போது கதவைத் திறப்பதா வேண்டாமா? திறந்தால் ஒரு பெரிய தட்டு நிறைய பிஸ்கட்டோடு பாட்டி நிற்கிறாள்.

வகுத்தல் கணக்குத்தானே என்று எனக்கு உடனே பிடித்துப்போனது. பேரனுக்கு அந்தக் கணக்கு ஒரு எழவும் புரியவில்லை, புரியவேண்டிய வயதும் இல்லை. அவனுக்குப் பிடித்தது மணி. ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் என் மூக்கை அமுக்குவான், நான் "டிங் டாங்" என்பேன். பிறகு வருகிறவர்களின் கால் தடம் தரையில் கூடிக்கொண்டே போவதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டு தடவை படித்திருக்கிறோம். மணி அடித்தால் ஏதோ பறிபோகும் என்று பயந்திருந்த குழந்தைக்கு, மணி அடித்தால் யாரோ வருகிறார்கள் என்பது மெல்ல மெல்லப் பழகியது. சோபாவுக்கு அடியில் பொம்மையைத் தள்ளுவது நின்றுபோக மூன்று வாரம் ஆனது. புத்தகத்தால்தான் நின்றது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். என் மூக்கு சிவந்துபோனது மட்டும் நிச்சயம்.

அந்த மூன்று வாரத்தில் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. நாம் எல்லோரும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு குழந்தையை மிரட்டுகிறோம், "ஷேர் பண்ணு." வங்கியில் இப்படி ஒரே வார்த்தையில் வவுச்சர் போட்டால் மேனேஜர் திருப்பி அனுப்புவார். பிஸ்கட்டைக் கொடுத்தால் அது போனது போனதுதான், செலவுக் கணக்கு. லாரியைக் கொடுத்தால் அது இரவல், திரும்பி வர வேண்டிய பாக்கி. ஊஞ்சல் யாருடையதும் இல்லை. அதற்கு வரிசை உண்டு, பழைய நாளில் நாங்கள் செக்கை வாங்கிக்கொண்டு பித்தளை டோக்கன் கொடுத்து உட்காரச் சொல்வோமே, அந்த மாதிரி. மணல் எல்லோருக்கும் பொது, ஜாயின்ட் அக்கவுன்ட். இந்த நாலும் நாலு வேறு கணக்கு. நமக்குத் தெரியும். இரண்டு வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? நேற்று பிஸ்கட்டை ஷேர் பண்ணச் சொன்னார்கள், அது வாயில் போய் மறைந்தது. இன்றைக்கு லாரியை ஷேர் பண்ணச் சொல்கிறார்கள். அதுவும் மறைந்துவிடும் என்று அவன் நினைத்தால் அதில் என்ன தப்பு? அவனுக்கு இருந்த ஒரே கேள்வி, கொடுத்தால் திரும்பி வருமா என்பதுதான். நான் அதற்குப் பதில் சொல்லாமல் விரலைப் பிரித்துவிட்டேன்.

இந்த வயதில் குழந்தைகள் பெரும்பாலும் சேர்ந்து விளையாடுவதில்லை, பக்கத்தில் பக்கத்தில் விளையாடுகின்றன. ஒரே மணலில் ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு தோண்டுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க அம்மையார் 1932லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அது சுயநலம் இல்லை, வயது. "என்னுது" என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் "உன்னுது" என்று ஒன்று இருப்பது தெரியும்.

ஆகவே புத்தகம் வாங்கும்போது நான் இப்போது முதலில் பார்ப்பது, இது எந்தக் கணக்கைப் பற்றிய புத்தகம் என்பதுதான். சிரிக்காதீர்கள், உதவியாக இருக்கிறது.

'வானவில் மீன்' பலர் வீட்டில் இருக்கும். ஆங்கிலத்தில் 'தி ரெயின்போ ஃபிஷ்'. சுவிட்சர்லாந்துக்காரர் மார்கஸ் ஃபிஸ்டர் எழுதி வரைந்தது, 1992இல் வந்தது. செதில்கள் வெள்ளித் தாள் மாதிரி பளபளக்கும். அதற்காகவே குழந்தைகள் அதைக் கீழே வைக்க மாட்டார்கள். அழகான மீன், ஒரு சின்ன நீல மீன் ஒரு செதில் கேட்கும்போது துரத்திவிடுகிறது. மற்ற மீன்கள் எல்லாம் அதோடு பேசுவதை விட்டுவிடுகின்றன. பிறகு ஆக்டோபஸ் சொன்ன யோசனைப்படி ஒவ்வொரு செதிலாகக் கொடுத்து, தனக்கு ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் சிநேகிதன் ஆகிறது. படம் பிரமாதம். ஆனால் கதை எனக்குச் சங்கடமாக இருக்கிறது. உடம்பில் உள்ளதைப் பிய்த்துக் கொடுத்தால்தான் நாலு பேர் சேர்த்துக்கொள்வார்கள் என்று இரண்டு வயதில் கேட்க வேண்டுமா? கொடுத்தது எதுவும் திரும்பி வரவும் இல்லை. என் பேரனுக்கு அது நடந்த சம்பவம் மாதிரியே இருந்திருக்கும். இந்தப் புத்தகத்தைப் பற்றி உலகம் முழுக்கப் பெற்றோர்கள் இப்படி வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பி பிளாக்கில் இரண்டு பாட்டிமார் என் கட்சி இல்லை. "அது தானம் சார், அதுல என்ன தப்பு?" என்கிறார்கள். அலமாரியில் அந்தப் புத்தகமும் இருக்கிறது. எடுத்துப் படித்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

லியோ லியோனி என்று ஒருவர். 'பார்ச்சூன்' என்ற வியாபாரப் பத்திரிகையில் ஆர்ட் டைரக்டராக இருந்தவர். காமர்ஸ்காரனான எனக்கு அதனாலேயே அவர் மேல் ஒரு பிரியம். ஒரு நாள் இரண்டு பேரக் குழந்தைகளோடு நியூயார்க்கிலிருந்து ரயிலில் போகிறார். குழந்தைகள் சும்மா இருப்பார்களா? அவர்களை அடக்க, கையில் இருந்த 'லைஃப்' பத்திரிகையின் பக்கத்தைக் கிழித்து நீலத்தில் ஒரு துண்டு, மஞ்சளில் ஒரு துண்டு என்று பிய்த்து, பிரீப்கேஸ் மேல் வைத்து ஒரு கதை சொல்லியிருக்கிறார். அதுதான் 1959இல் 'லிட்டில் ப்ளூ அண்ட் லிட்டில் யெல்லோ' என்று புத்தகமானது. நீலமும் மஞ்சளும் சிநேகிதர்கள். கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், இருவருமே பச்சையாகிவிடுகிறார்கள். வீட்டுக்குப் போனால் அப்பா அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அழுகிறார்கள். கண்ணீராய்க் கரைந்து மறுபடி நீலமும் மஞ்சளுமாக ஆகிறார்கள். பெற்றோருக்கு அப்போதுதான் விஷயம் விளங்குகிறது. முகம் கிடையாது, கை கால் கிடையாது, கிழிந்த காகிதத் துண்டுகள் மட்டுமே. என் பேரன் அந்தப் பச்சைத் துண்டு வரும் பக்கத்தில் ஒவ்வொரு தடவையும் என்னைக் கட்டிப்பிடிப்பான். நாம் பச்சை ஆகிறோமா என்று கையைத் திருப்பிப் பார்ப்பான்.

இதைப் படித்த பிறகு நான் பழைய காலண்டர் தாளைக் கிழித்துக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். காசு செலவில்லை. புத்தகம் வாங்க முடியாதவர்களும் செய்யலாம்.

அதே லியோனியின் 'இட்ஸ் மைன்!' நான் சொன்ன ஜாயின்ட் அக்கவுன்ட் கதை. ஒரு குளத்துத் தீவில் மூன்று தவளைகள். தண்ணீர் என்னுது, மண் என்னுது, காற்று என்னுது என்று பொழுதெல்லாம் சண்டை. ஒரு நாள் மழை வெள்ளம் வந்து தீவு முழுகிப்போக, மூன்றும் கடைசியாக மிஞ்சிய ஒரு பாறை மேல் நடுங்கிக்கொண்டு ஒட்டிக்கொள்கின்றன. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால் அது பாறை இல்லை, முன்பு சண்டை போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போன தேரைதான் அவர்களைச் சுமந்திருக்கிறது. இரண்டு வயதுக்குக் கொஞ்சம் நீளம், மூன்றைத் தாண்டினால் சரியாக இருக்கும். நம் ஊரில் வெள்ளம் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரி இறங்கும். யார் வீட்டு மொட்டை மாடி, யார் வீட்டுத் தண்ணீர் கேன் என்று அந்த நாட்களில் நாம் யாரும் பார்க்கவில்லையே.

மோ வில்லெம்ஸ் எழுதிய யானை, பன்றிக்குட்டி கதைகளில் ஒன்று ஐஸ்கிரீம் பற்றியது, 2011இல் வந்தது. ஐஸ்கிரீமை சிநேகிதிக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யானை யோசிக்கிறது, யோசிக்கிறது, அதற்குள் முழுக்க உருகிப்போகிறது. அப்போது பன்றிக்குட்டி தன் ஐஸ்கிரீமோடு வந்து கொடுக்கிறது. கடன் சாங்ஷன் செய்ய யோசித்து யோசித்து விதைப்பு முடிந்த பிறகு கையெழுத்துப் போட்ட ஆபீசர் ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம்.

புத்தகம் எது என்பதைவிட அதை எப்படிப் படிக்கிறோம் என்பதற்கு வருகிறேன், இதுதான் எனக்கு முக்கியம். 2013இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சீலியா பிரவுனெல் என்பவரும் உடன் இருந்தவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மகள் அனுப்பிவைத்தாள். ஒன்றரை வயது, இரண்டு வயதுக் குழந்தைகளோடு பெற்றோர் படப் புத்தகம் படிப்பதைக் கவனித்திருக்கிறார்கள். பிறகு அந்தக் குழந்தைகள் எவ்வளவு சீக்கிரம் பகிர்கிறார்கள், உதவுகிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். படத்தில் உள்ளவருக்கு என்ன உணர்ச்சி, ஏன் அப்படி என்று குழந்தையைச் சொல்லவைத்த பெற்றோரின் குழந்தைகள் சீக்கிரமாகவும் அதிகமாகவும் பகிர்ந்திருக்கிறார்கள். பெற்றோர் தாங்களே விளக்கிக்கொண்டு போனதில் அந்தப் பலன் தெரியவில்லை.

இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நான் அதுவரை செய்துகொண்டிருந்தது விளக்கம்தான். "பார்த்தியா, இந்தப் பாப்பா குடுத்துச்சு, நீயும் குடுக்கணும், சரியா?" அவன் பக்கத்தைப் புரட்டிவிடுவான். இப்போது நான் படத்தைக் காட்டி வாயை மூடிக்கொள்கிறேன். "இவன் ஏன் அழறான்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். காத்திருப்பது கஷ்டம், சொல்லிவைக்கிறேன். பத்து நொடி பத்து நிமிஷம் மாதிரி இருக்கும். முதல் தடவை அவன் சொன்ன பதில், "பசி." கதையில் அந்தக் குழந்தையின் பந்தை யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். திருத்தவில்லை. நாலைந்து நாள் கழித்து அதே பக்கத்தில் அவனாகவே, "பந்து இல்ல. தாத்தா எடுத்துத்து" என்றான். படத்தில் தாத்தாவே கிடையாது. மேற்கொண்டு படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

இன்னொரு ஆய்வு, கனடாவில் டொராண்டோவில் நடந்தது. இது கொஞ்சம் பெரிய குழந்தைகள், நாலு முதல் ஆறு வயது. பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையை ஒரு கூட்டத்துக்கு மிருகங்கள் வரும் படத்தோடும், இன்னொரு கூட்டத்துக்கு மனிதக் குழந்தைகள் வரும் படத்தோடும் படித்துக் காட்டியிருக்கிறார்கள். பிறகு கையில் ஸ்டிக்கர் கொடுத்து, இன்னொரு குழந்தைக்கு எத்தனை கொடுக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். மனிதக் குழந்தைகள் வரும் கதையைக் கேட்டவர்கள் முன்பைவிட அதிகம் கொடுத்தார்கள். மிருகக் கதையைக் கேட்டவர்கள் குறைத்தார்கள். இது நடந்தது ஓரிடத்தில், ஒரு கதையை வைத்து. இதைக் கேட்டு வீட்டில் உள்ள யானை, முயல் புத்தகங்களை எல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். நம் காக்கையும் நரியும் எங்கேயும் போக வேண்டாம். ஆனால் கடைக்குப் போனால் கரடிக்குட்டி புத்தகத்தோடு, நம் வீட்டுக் குழந்தை மாதிரி ஒரு குழந்தை இருக்கிற புத்தகம் ஒன்றையும் எடுங்கள்.

அங்கேதான் நம் ஊர்ப் புத்தகங்கள் வேண்டும். சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் ஒரே புத்தகத்தில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்த படப் புத்தகங்கள் போடுகிறது. நம் குடியிருப்பில் பாதி வீடுகளில் அப்பா ஒரு மொழி, அம்மா ஒரு மொழி, பாட்டி மூன்றாவது மொழி, அதனால் இது வசதி. பிரதம் புக்ஸ் 2015 முதல் 'ஸ்டோரிவீவர்' என்ற தளத்தில் கதைகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. தமிழிலும் நிறைய. இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், உரிமை தடையில்லை. நான் நாலு கதைகளைக் கலரில் பிரின்ட் எடுத்து, லேமினேட் செய்து, ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறேன். பல் முளைக்கிற குழந்தை கடித்தாலும் தாங்கும். பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ட்ரன்', நேஷனல் புக் ட்ரஸ்ட் இரண்டிலும் குறைந்த விலையில் படப் புத்தகங்கள் உண்டு. வாங்குவதற்கு முன் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கு ஒரு நாள் கூட்டிப்போய், எந்தப் புத்தகத்தைக் குழந்தை திரும்பத் திரும்ப எடுக்கிறது என்று பாருங்கள். அதை வாங்குங்கள். நமக்குப் பிடித்ததை வாங்கினால் அது அலமாரியில் தூங்கும்.

தமிழ்ப் புத்தகங்களில் எனக்கு இரண்டு மனக்குறை. மழலைகளுக்கு உரிய கெட்டி அட்டைப் புத்தகம் தமிழில் குறைவு. இரண்டாவது, பல புத்தகங்கள் மேடைத் தமிழில் பேசுகின்றன. "நண்பா, என் தின்பண்டத்தை உன்னுடன் பகிர்ந்துகொள்வேன்" என்று எந்த ஊர்க் குழந்தை பேசும்? நான் படிக்கும்போதே அதை "இந்தா, உனக்குக் கொஞ்சம்" என்று மாற்றிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் 'நீதி' என்று போட்டிருந்தால் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொள்கிறேன். இன்னும் எழுத்து தெரியாத வயது, மாட்டிக்கொள்ளவில்லை.

பகிர்வதற்கு நம்மிடம் வார்த்தையும் இல்லை, வழக்கமும் இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. கடலை மிட்டாயைச் சட்டைத் துணியில் சுற்றிக் கடித்துப் பாதி கொடுப்போமே, காக்காக் கடி, எச்சில் படாத பங்கு. சண்டை வந்தால் காய் விடுவோம், சமாதானம் ஆனால் பழம் விடுவோம். இதை எல்லாம் வரைந்து ஒரு படப் புத்தகம் யாராவது போட்டால் முதல் பிரதி நான் வாங்குவேன்.

காய் விடுவது என்றதும் ஜூன் மாத வாட்ஸ்அப் குரூப் சிலருக்கு ஞாபகம் வரும். ஒரு மூன்று சக்கர சைக்கிள். ஒரு வீட்டுக் குழந்தையின் சைக்கிளை இன்னொரு வீட்டுக் குழந்தை ஓட்டியது. பெடல் உடைந்தது. ஒரே இரவில் 63 மெசேஜ், நான் எண்ணினேன். எந்த பிளாக் என்று சொல்லப் போவதில்லை. குழந்தைகள் இரண்டும் மறுநாள் காலை அதே உடைந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு விளையாடின. பெரியவர்கள் இன்னும் ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை. இரண்டு வீட்டாரும் இன்றைக்கு வந்திருக்கிறார்கள், வேறு வேறு வரிசையில். வந்ததே எனக்குச் சந்தோஷம்.

மணலில் இப்போது நானும் என் நடை நண்பரும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். விரலைப் பிரிப்பதில்லை. "அவன் முடிச்சதும் உன் முறை" என்று கேட்கிற குழந்தையிடம் சொல்கிறோம். "முடிச்சதும் அவன்கிட்ட குடு, அப்புறம் உனக்கே திரும்பி வரும்" என்று வைத்திருக்கிற குழந்தையிடம் சொல்கிறோம். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவோம். நாலு நிமிஷத்தில் தானாகக் கொடுத்த நாளும் உண்டு. இருபது நிமிஷம் ஆகி, கேட்ட குழந்தை மறந்துபோய் வேறு விளையாட்டுக்குப் போன நாளும் உண்டு. ஒரு நாள் கடி வாங்கி, ஐஸ் வைத்து, இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். போன வாரம் அந்தக் குழந்தை எங்கள் வீட்டுக்கு வந்தது. மணி அடித்ததும் பேரன் ஓடிப்போய் ஒரு லாரியை எடுத்துவந்து கொடுத்தான். மஞ்சள் லாரி இல்லை, மூன்று சக்கரம் மட்டும் உள்ள பச்சை லாரி. மஞ்சளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, அலமாரிக்கு வருகிறேன், காபி ஆறுகிறது. நீங்கள் கொடுத்ததும் வாங்கியதும் சேர்த்து 41 புத்தகங்கள் இருக்கின்றன. தமிழ் 14, தெலுங்கு 3, இந்தி 2, மீதி ஆங்கிலம். குழந்தை கைக்கு எட்டும்படி கீழ் இரண்டு தட்டில் வைத்திருக்கிறோம். ரெஜிஸ்டர் நான் போட்டிருக்கிறேன். தேதி, ஃபிளாட் நம்பர், புத்தகத்தின் பெயர், கையெழுத்து. குழந்தைக்கும் ஒரு கட்டம் இருக்கிறது, கட்டைவிரலை ஸ்டாம்ப் பேடில் தொட்டு வைக்கச் சொல்லுங்கள், என் பழைய வேலை ஞாபகம். ஒரு வீட்டுக்கு ஒரு சமயத்தில் இரண்டு புத்தகம், 14 நாள். கிழிந்தால், கடித்தால், பால் கொட்டினால் அபராதம் கிடையாது. செல்லோடேப்பும் பசையும் மேல் தட்டில் இருக்கின்றன. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான் இங்கே பாய் விரித்து உட்கார்ந்திருப்பேன். குழந்தையோடு நீங்களும் வாருங்கள், இறக்கிவிட்டுப் போகாதீர்கள். தாத்தாக்கள் மூக்கைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்.

சாவி செக்யூரிட்டி கேபினில் இரண்டாவது ஆணியில் தொங்கும்.